மரபணு ஆண், பெண் பார்ப்பதில்லை: கடலூர் மாவட்டப் பெண்களின் இதயநலமும் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறும்

முன்னுரை

இதயநோயின் மரபியல் என்றதும் பெருநகர ஆய்வகமும் விலை உயர்ந்த கருவிகளும் நினைவுக்கு வருகின்றன. கடலூர், சிதம்பரம் பகுதிப் பெண்களைப் பொறுத்தவரை அந்த ஆய்வு தொடங்க வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பதிவேடு என்பதே இக்கட்டுரையின் வாதம். மரபுவழி இதயத்தசை நோயில் பெண்கள் தாமதமாகவே கண்டறியப்படுகிறார்கள். அத்தாமதத்தில் பெரும்பகுதி உடலியலால் வருவதன்று, நாம் கேட்கத் தவறிய கேள்விகளால் வருவது. அக்கேள்விகளைக் கேட்கும் அமைப்பு இம்மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

25 எழுத்துகள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2009-இல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. 11-ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணு உள்ளது. இதயத்தசை சுருங்கி விரிவதைச் சீராக்கும் புரதத்தை உருவாக்குவது அதுவே. இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இம்மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்பது அக்குழுவின் கண்டுபிடிப்பு. இந்த விடுபாட்டால் செய்தியைத் தொகுக்கும்போது ஒரு துண்டு தாண்டிப் போகிறது. புரதத்தின் வால்பகுதி மாறிவிடுகிறது. அது தசைநாரில் தன் இடத்தில் பொருந்துவதில்லை. இதயத்தசை நோய் உள்ளவர்களிடம் இந்த மாற்றம் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்று ஆய்வு காட்டியது. சுமப்பவர்களில் பலர் நடுவயது வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். நூற்றுக்கு நான்கு என்ற சராசரி இங்கும் பொருந்துவதாகக் கொண்டால் ஒரு லட்சம் பேர் இந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

இந்த எண்ணைக் கண்டு அஞ்சவும் கூடாது. பின்வந்த ஆய்வுகள் படத்தைத் திருத்தியிருக்கின்றன. 25 எழுத்து விடுபாட்டோடு சேர்ந்தே கடத்தப்படும் வேறொரு மாற்றம், சுமப்பவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் இருக்கிறது. நோயின் சுமை பெரும்பாலும் அதனால்தான் வருகிறது என்று 2020-இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று வாதிட்டது. எனவே விடுபாடு இருப்பதாலேயே ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது. எந்தக் குடும்பத்தில் அது நோயாக வெளிப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் பரிசோதனை முடிவுக்குப் பொருள் கிடைக்கும். மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் குடும்ப வரலாறு வரவேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

எண்ணிக்கையில் குறையும் பெண்கள்

மாரடைப்பில் பெண்கள் குறைவாகப் பதிவாவதற்கு உடலியல் விளக்கம் உண்டு. 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்தே வருகிறது என்று அது கண்டது. ஆகவே மாரடைப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் புறக்கணிப்பை நிறுவ முடியாது.

மரபுவழி இதயத்தசை நோய்களுள் ஒன்றான இதயத்தசைத் தடிப்பு நோயில் நிலைமை வேறு. அது பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே பிரதியாக வருவது. மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்குச் சரிபாதி வாய்ப்பு. அப்படியானால் மருத்துவமனைக்கு வருவோரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். இத்தாலி, அமெரிக்க நோயாளிகள் 969 பேரைத் தொடர்ந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில் 59 விழுக்காட்டினர் ஆண்கள். மேயோ மருத்துவமனை 2017-இல் 3,600-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தது. அங்கே பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஏழு வயது கூடுதலான நிலையில் கண்டறியப்பட்டார்கள். அவர்களின் உயிர்வாழ்வும் குறைவாகவே இருந்தது. ஹார்மோன்கள் நோயைத் தள்ளிப்போடுகின்றன என்று மட்டும் சொன்னால், வரும்போதே முற்றிய நிலையில் ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதயச் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்தால் நோய் என்பது வழக்கிலுள்ள வரையறை. ஆறடி ஆணுக்கும் ஐந்தடிக்குக் குறைவான பெண்ணுக்கும் அதே 15தான். சிறிய உடலில் 13 மில்லிமீட்டர் சுவர் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்த வரையறை கணக்கில் எடுப்பதில்லை. அறிகுறிகளும் பெண்களுக்கு எதிராகவே போகின்றன. மேல்மூச்சு வாங்குகிறது, அசதியாக இருக்கிறது, முதுகு பிடிக்கிறது என்று வரும் பெண்ணுக்கு ‘வாயு’ என்றோ ‘ரத்தசோகை’ என்றோ பதில் கிடைத்துவிடுகிறது.

பிக்மி எண் தரும் வாய்ப்பு

சென்னை மருத்துவக் கல்லூரியின் கர்ப்பகால இதயநோய்ப் பதிவேடு 2016 முதல் 2019 வரை 1,005 பெண்களின் 1,029 கர்ப்பங்களைத் தொகுத்தது. அவற்றில் பத்துக்கு ஆறு என்ற அளவில், இதயநோய் இருப்பது கர்ப்பகாலத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. அந்நோய்களில் முதலிடம் வாதக்காய்ச்சலால் வரும் வால்வு நோய்க்கே. அது இங்கு பேசப்படும் மரபுநோய் அன்று. ஆயினும் அந்தப் பதிவேடு ஓர் உண்மையைச் சொல்கிறது: தமிழ்நாட்டில் பல பெண்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் முதன்முதலாகக் கவனமாக வைக்கப்படுவது அவர்கள் கருவுற்ற பிறகுதான்.

புவனகிரியிலோ கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ கருவுற்ற பெண் எவரானாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எனப்படும் கர்ப்பிணிப் பதிவு எண்ணைப் பெறுகிறார். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறுகின்றன. கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் கர்ப்பகாலச் சர்க்கரையும் பிற்கால இதயநோய்க்கு முன்னறிவிப்புகள் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் பிரசவமும் தடுப்பூசியும் முடிந்ததும் அந்தத் தகவலை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

அதே இடத்தில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் ஒன்றை வரையலாம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, உறவுத் திருமணத்துக்கு இரட்டைக்கோடு. கேட்கும் விதம் முக்கியம். “குடும்பத்தில் இதயநோய் உண்டா?” என்றால் “இல்லை” என்று முடிந்துவிடும். “உங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறிட்டாங்களா? மயங்கி விழுந்தவங்க உண்டா? தூக்கத்துலயே போனவங்க?” என்று கேட்டால் அத்தையும் சித்தப்பாவும் பேச்சில் வருவார்கள். எந்தச் சாவு எந்த வயதில் எப்படி நேர்ந்தது என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நினைவில்தான் இருக்கிறது.

உறவுத் திருமணக் கணக்கு

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. ஒரு தாத்தாவிடம் பழுதான பிரதி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவர் மகன் தன் அக்காள் மகளை மணக்கிறார். அந்த மகனிடம் பழுது இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பேத்தியிடம் நான்கில் ஒன்று. அவர்கள் குழந்தைக்கு இரு பிரதியும் பழுதாகும் வாய்ப்பு 32-இல் ஒன்று. அதே மகன் உறவுக்கு வெளியே மணந்திருந்தால், நூற்றுக்கு நான்கு என்ற சராசரிப்படி அது 200-இல் ஒன்றுதான். இரு பிரதியும் பழுதானால் நோய் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வெளிப்படக்கூடும். ஒரு வழக்கத்தைப் பழிப்பதற்காக இக்கணக்கைச் சொல்லவில்லை. இரட்டைக்கோடு உள்ள குடும்பத்துக்கு எக்கோ பரிசோதனையில் முன்னுரிமை தரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிர்வாதங்கள்

செவிலியர்களின் வேலைப்பளு முதல் எதிர்வாதம். அது நியாயமானது. ஆனால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரைக்காக வீடு வீடாகப் போகிறார்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டம் மாரடைப்புக்கான முதல்வேளை மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையம் வரை கொண்டு சேர்த்தது. கிராமம் வரை வந்துவிட்ட இந்த ஏற்பாட்டோடு மேலே சொன்ன சில கேள்விகளைச் சேர்ப்பது தாங்க முடியாத சுமையன்று.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ‘அந்த வீட்டில் இதயக் கோளாறு’ என்ற பேச்சு ஒரு பெண்ணின் வரன் தேடலையே முடக்கிவிடும். அண்ணனுக்கு அதே மாற்றம் இருந்தாலும் பழி தங்கையின் மேல்தான் விழும். எனவே குடும்பப் படம் செவிலியருக்கும் மருத்துவருக்கும் அப்பால் போகக் கூடாது. கணவர் வீட்டாரின் முன்னிலையில் இக்கேள்விகளைக் கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகக் கூடாது. இந்தக் காப்பு இல்லையென்றால் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

முடிவுரை

சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் 1985-இல் தொடங்கிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பில் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. அறிவியல் துறைகளும் மருத்துவமனையும் கிராமப்புற மக்களும் இவ்வளவு அருகருகே அமைந்த இடங்கள் அரிது. இங்கே மூன்று காரியங்களைச் செய்யலாம்: கர்ப்பிணிப் பதிவேட்டில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம், சந்தேகத்துக்குரிய குடும்பங்களின் பெண்களுக்கு உடலளவையும் கணக்கில் கொண்ட எக்கோ, நோய் உறுதியான குடும்பங்களுக்கு மட்டும், ஆலோசனையோடு, மரபணுப் பரிசோதனை. முதல் இரண்டுக்கும் புதிய கருவி எதுவும் வேண்டாம். மதுரையிலும் ஐதராபாத்திலும் உழைத்தவர்கள் 2009-இல் எதைத் தேட வேண்டும் என்று காட்டிவிட்டார்கள். அதைப் பெண்களிடமும் தேடுவது மாவட்டச் சுகாதார நிர்வாகமும் மருத்துவக் கல்லூரியும் உடனே ஏற்க வேண்டிய கடமை.