இடுகுறி நிறங்கள்

பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துப் பார்ப்பது தமிழிலக்கண மரபு. கணினித் திரையின் நிற வரலாற்றுக்கும் இப்பகுப்பு பொருந்தி வருகிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் எக்ஸ் சாளர அமைப்பு உருவானது. 1987இல் வெளிவந்த அதன் 11ஆம் பதிப்பு யுனிக்ஸ் பணிநிலையக் கணினிகளின் பொதுமொழியாயிற்று. அந்நாளில் நினைவகம் விலைமிக்கது. 1280க்கு 1024 புள்ளிகள் கொண்ட திரைக்கு, புள்ளிக்கு 8 பிட் வீதம் 1.3 மெகாபைட் வேண்டும். 24 பிட் எனில் அதன் மும்மடங்கு. ஆகவே பல பணிநிலையங்கள் 8 பிட்டோடு அமைந்தன. 256 எண்கள், எந்த எண் எந்நிறம் என்பதை ஓர் அட்டவணை சொல்லும். 17 என்னும் எண்ணுக்குத் தன்னளவில் நிறமில்லை. இது சூடோகலர் முறை. ட்ரூகலர் முறையிலோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகளை எண்ணே தாங்கி நிற்கும். முன்னது இடுகுறி, பின்னது காரணம்.

256 இடங்களுக்கு நிரல்கள் தம்முள் போட்டியிட்டன. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால், பின்வரும் நிரலுக்கு நிறம் எஞ்சாது. 'இன்ஸ்டால்' என்ற குறிப்பைச் சேர்த்து இயக்கினால் உலாவிக்குத் தனி அட்டவணை கிடைக்கும். ஆனால் சுட்டி அங்கே நகர்ந்ததும் ஏனைய சாளரங்கள் வேற்று நிறம் பூணும்.

பின்னர் 24 பிட் பரவலாயிற்று. பழைய நிரல்கள் சில திறக்கவே மறுத்தன. அதற்குக் காரணம் உண்டு. 1977இல் தோன்றி வானியலாளரிடையே பரவிய ஐடிஎல் மொழியைப் பாருங்கள். சூடோகலர் திரையில், படத்தைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றி மங்கலான பகுதிகளை நொடியில் துலங்கச் செய்யலாம். ட்ரூகலரில் படத்தை மீண்டும் வரைந்தாக வேண்டும். ஐடிஎல் தன்னை மாற்றிக்கொண்டது. மூலநிரல் கிட்டாதவற்றால் அது இயலவில்லை.

அவற்றுக்காகத் திரை முழுவதையும் 8 பிட்டில் தொடங்குவோர் இருந்தனர். மற்ற நிரல்கள் அதனால் நிறமிழந்தன. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகள் இருமுறைகளையும் ஒரே திரையில் அளித்தன. விஎன்சி வழியே 8 பிட் மெய்நிகர் திரையொன்றை எழுப்பி, பழைய நிரலை அதற்குள் குடியமர்த்துவது பிறிதொரு வழி.

பிடிவாதம் என்று நாம் பழிப்பது, எழுதப்பட்ட காலத்தோடு அந்நிரல் செய்துகொண்ட உடன்படிக்கையே. அட்டவணை உள்ள ஒரு திரையை எங்கேனும் காத்துவைத்தால்தான் அவர்தம் உழைப்பு இன்றும் இயங்கும்.