கட்டடக்கலை மாணவரின் முதல் தாள்: வரைபடமும் மாதிரியும் வந்த வழி

கட்டடக்கலைப் படிப்பில் சேரும் மாணவர் முதல் சில வாரங்களில் கட்டடம் எதையும் வரைவதில்லை. கோடு போடுகிறார். நேர்கோடு, விட்டுவிட்டுச் செல்லும் கோடு, மெல்லிய கோடு, தடித்த கோடு. பிறகு எழுத்துப் பயிற்சி. அதன்பின் கனசதுரம், கூம்பு, உருளை ஆகியவற்றின் மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம். ஐந்தாண்டுப் படிப்பின் முதலாண்டில் இதற்குப் பக்கத்திலேயே 'பேசிக் டிசைன்' என்ற பாடம் நடக்கும். அதில் மவுண்ட் போர்டை வெட்டி, மடித்து, ஒட்டி, எந்தப் பயனும் இல்லாத வடிவங்களைச் செய்யச் சொல்வார்கள். வீட்டில் பார்ப்பவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். "வீடு கட்டப் படிக்கப் போனவன் அட்டை வெட்டிக்கொண்டு இருக்கிறானே" என்று கேட்காத பெற்றோர் குறைவு.

இந்தப் பயிற்சிகள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. ஒரு பகுதி போரிலிருந்தும் வரிவசூலிலிருந்தும் வந்தது. ஒரு பகுதி சென்னையின் தொழிற்கலைப் பள்ளியிலிருந்தும், இன்னொரு பகுதி ஜெர்மனியிலிருந்தும் வந்தன. இவற்றுள் முதல் பகுதியின் வரலாற்றில் திண்டுக்கல்லுக்கும் இடம் உண்டு.

திண்டுக்கல் பாறையும் அளவைப் பள்ளியும்

திண்டுக்கல் சமவெளியில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது மொட்டைப் பாறைதான். அதன் மேல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் கோட்டை கட்டத் தொடங்கினர். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்படுத்தப்பட்டது. 1755இல் மைசூர் அரசின் பவுஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் கோட்டை மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே பலமுறை கைமாறியது. 1790இல் ஆங்கிலப் படை இதைப் பிடித்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல்லைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

நிலம் கைக்கு வந்ததும் கம்பெனிக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. எவ்வளவு நிலம் இருக்கிறது? படை எந்த வழியாகப் போகலாம்? இரண்டுக்கும் விடை வரைபடம்தான். வரைய ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவரச் செலவு அதிகம். எனவே மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் 1794இல் சென்னையில் ஓர் அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டுச் சிறுவர்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்த, ஐரோப்பியத் தந்தையருக்குப் பிறந்த பிள்ளைகளே இங்குப் பெரும்பாலும் படித்தனர். டாப்பிங் 1796இல் இறந்தபின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் பள்ளியை நடத்தினார். இந்தச் சிறு பள்ளிதான் 1859இல் சிவில் பொறியியல் கல்லூரியாகி, பின்னர் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. சங்கிலி பிடித்து நிலத்தை அளப்பதும், அளந்ததைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கித் தாளில் ஏற்றுவதும் பள்ளிப் பாடமாக நம் ஊரில் நுழைந்தது அங்கேதான்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு. மதுரை, திண்டுக்கல் பகுதிகளை அளந்து விரிவான நிலவியல் குறிப்பு ஒன்றை எழுதியவர் இவர். 1821இல் பழனி மலையில் ஏறி அளவைப் பணி செய்தவரும் இவரே. கொடைக்கானலின் வரலாறு எழுதுவோர் அந்த ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இவருடைய தந்தை பிரான்சிஸ் ஸ்வைன் வார்டு சென்னைப் படையில் அதிகாரி, ஓவியரும்கூட. தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்.

தந்தையும் மகனும் இரண்டு வகை வரைதலின் அடையாளங்கள். தந்தையின் ஓவியத்தில் பார்ப்பவருக்கு ஓர் இடம் உண்டு. அவர் நிற்கும் இடத்திலிருந்து கோபுரம் பெரிதாகவும் தூரத்து மரம் சிறிதாகவும் தெரியும். மகனின் வரைபடத்தில் பார்ப்பவர் எங்கும் இல்லை. ஊரும் குளமும் பாதையும் வானத்திலிருந்து நேர் கீழே பார்த்தது போல, எல்லாம் ஒரே அளவுகோலில் இருக்கும். விமானமும் பலூனும் இல்லாத ஊரில் அப்படி ஒரு காட்சியை எந்தக் கண்ணும் கண்டதில்லை. இன்றும் முதலாண்டு மாணவர் தடுமாறும் இடம் இதுதான். நாற்காலியைத் தான் கண்டபடி வரைந்துவிடுவார். அதன் தளப்படத்தையும் வெட்டுமுகத்தையும் வரையச் சொன்னால் கை நின்றுவிடும். கண்டதை வரைவது ஒரு திறன், அளந்ததை வரைவது வேறொரு திறன்.

தாள் இல்லாத வரைதல்

இதைப் படிப்பவர், அதற்கு முன் நம் நாட்டில் வரைபடமே இல்லையா, நாயக்கர்கள் கோட்டையை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்தபதியின் மரபில் வரைதல் இருந்தது. அது பெரும்பாலும் தாளில் இல்லை, தரையில் இருந்தது. முழக்கோலால் அளந்து, காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கல்லின் மேல் கோடு விழும். அந்தக் கோடு உண்மையான அளவிலேயே இருக்கும், சுருக்கம் கிடையாது. கோடு போடுபவரும் உளி பிடிப்பவரும் ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்கள். கோட்டைப் படித்துப் பொருள் சொல்ல நடுவில் இன்னொருவர் வேண்டியதில்லை.

கொத்தனாரின் கருவிகளும் அப்படித்தான். தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், நூல். மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று கயிற்றில் முக்கோணம் போட்டு மூலையை மட்டம் பார்ப்பதை எந்த மேஸ்திரியும் செய்வார். மாணவர் மேசையில் இருக்கும் செட்-ஸ்கொயர் இதே மூலைமட்டத்தின் சிறிய உடன்பிறப்பு. கல்லூரியில் இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பல மாணவர்களுக்கு அச்சம் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தத் தரைக்கோட்டைத் தாளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். சிற்ப நூல்களின் சுவடிகளைத் தேடிப் படித்தார். அச்சுவடிகளின் மொழியை அறிந்த பண்டிதருக்குத் தொழில் தெரியவில்லை, தொழில் தெரிந்த சிற்பிக்கு அந்த மொழி தெரியவில்லை. இரு தரப்பையும் கேட்டு ஒப்பிட்டே அவர் பொருள் காண வேண்டியிருந்தது. தூண், அதிட்டானம், விமானம், கோபுரம் ஆகியவற்றை அளவுகளோடு காட்டும் 48 படங்களுடன் அவருடைய நூல் 1834இல் லண்டனில் வெளிவந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. தமிழ்நாட்டுக் கோயிலின் முகப்பையும் தளத்தையும் ஐரோப்பிய வரைபட முறையில் விளக்கிய முதல் அச்சு நூல்களில் இது ஒன்று.

இதில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. தாளில் ஏறிய அறிவு ஊர்விட்டு ஊர் போகும், ஆள் இறந்தாலும் நிற்கும். ஆனால் வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்ற பிரிவும் தாளோடு சேர்ந்தே வந்தது. வரைந்தவர் அதிகாரி, கட்டியவர் கூலி என்று அது இறுகியது பின்னர் நடந்தது.

கலைப் பள்ளியும் இரண்டு 1957களும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுத் தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. சுதை வார்ப்பும் மண்பாண்டமும் மர வேலைப்பாடும் வரைதலும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. பின்னர் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் சிஷோம்தான் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தை வடிவமைத்தவர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்த பணியிலும் அவருக்குப் பங்குண்டு. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் அதை அளந்து வரைய வேண்டும். இன்று கல்லூரிகளில் நடக்கும் 'மெஷர்ட் டிராயிங்' பயிற்சியின் அடிப்படைத் தேவை அதுதான்.

கட்டடக்கலையைத் தனிப் படிப்பாக முதலில் நடத்தியது பம்பாயின் ஜே. ஜே. கலைப் பள்ளி. 1896இல் வரைவாளர் வகுப்பாகத் தொடங்கி, 1913இல் நான்காண்டுப் படிப்பாக ஆனது. சென்னைக்கு அது வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1957இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறை தொடங்கப்பட்டது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக இருப்பது அதுவே. அதே 1957இல் மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையமும் தொடங்கப்பட்டு, வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைவரானார். அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதை நடத்தினார்.

ஒரே அரசின் கீழ், ஒரே ஆண்டில், ஏறக்குறைய 55 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் மாணவர் கையில் டி-ஸ்கொயர், இன்னொன்றில் உளி. இரண்டிலும் முதல் பாடம் கோடு போடுவதுதான். எனினும் இரண்டுக்கும் இடையே போக்குவரத்து குறைவாகவே இருந்தது. அந்தப் பிரிவு இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

அட்டை வெட்டும் வகுப்பு

பயனில்லாத வடிவம் செய்யும் பயிற்சி ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியிலிருந்து வந்தது. 1919இல் வைமார் நகரில் தொடங்கிய அப்பள்ளியில் ஜோஹன்னஸ் இட்டன் புதிய மாணவர்களுக்கு ஒரு முன்பயிற்சி வகுப்பு நடத்தினார். நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, மரம், கம்பி, துணி, தாள் ஆகியவற்றைத் தொட்டு அறியச் சொன்னார். பின்னர் ஜோசப் ஆல்பர்ஸ் வெறும் தாளை மட்டும் கொடுத்து, கழிவு இல்லாமல் அதை நிற்கச் செய்யச் சொன்னார். தட்டையான தாள் தன் எடையையே தாங்காது. மடித்தால் நிற்கும். மடிப்பில்தான் வலிமை இருக்கிறது என்பதை மாணவர் விரலாலேயே கண்டுகொள்வார்.

பௌஹவுஸ் ஓவியங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வந்தன. ஆனால் அதன் பயிற்சி முறை நம் வகுப்பறைகளுக்கு வந்தது விடுதலைக்குப் பின்னரே. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1962இல் பி. வி. தோஷி தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியும் அதில் பெரும் பங்காற்றின. அங்கிருந்து அது பாடத்திட்டங்களில் பரவியது. பரவும்போது தேய்ந்தும் போனது. பல இடங்களில் ஆல்பர்ஸின் தாள் மடிப்பு, போன ஆண்டு மாணவர் செய்ததைப் பார்த்துச் செய்யும் வீட்டுப்பாடமாகிவிட்டது. நகலெடுப்பதை ஒழிக்க வந்த பயிற்சி நகலெடுக்கப்படுகிறது.

மாதிரி செய்வது நமக்குப் புதிதல்ல. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் மணலைக் குவித்து மலையும், கண்ணாடித் துண்டில் குளமும், தீப்பெட்டியில் வீடும் செய்த கைகளுக்கு அளவுகோல் ஒன்றுதான் குறை.

திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி

முதலாண்டுப் பயிற்சிக்குத் திண்டுக்கல்லைப் போல வாய்ப்பான ஊர் அரிது. பாறையைச் சம உயரக் கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அட்டை வெட்டி அடுக்கினால் மலையின் மாதிரி கிடைக்கும். அடுக்கி முடித்ததும்தான் படிக்கட்டு ஏன் அந்தப் பக்கம் ஏறுகிறது, மதில் ஏன் அந்த வளைவில் திரும்புகிறது என்பது விளங்கும். சரிவு செங்குத்தாகும் இடத்தில் அட்டைகள் நெருங்கி நிற்கும், அங்கே மதில் தாழ்வாக இருந்தாலும் போதும். சரிவு குறையும் இடத்தில் மதிலும் கொத்தளமும் பாறையின் வேலையைச் செய்ய வேண்டும். இதை எந்தப் புகைப்படமும் காட்டாது.

வெட்டுமுகத்துக்குத் திண்டுக்கல் பூட்டு போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டைக் கழற்றி, நெம்புகோல் தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வரைந்தால் அது ஒரு நல்ல ஐசோமெட்ரிக் தாள். வெளியே ஒன்றுமே தெரியாத பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவதுதான் வெட்டுமுகத்தின் வேலை. அதைச் செய்யும் தொழிலாளி தாளில் வரைவதில்லை என்பதால் மாணவர் அவரிடம் கேட்டே வரைய வேண்டும். ராம் ராஸ் செய்தது போலத்தான்.

தெருக்கள்தாம் அவசரமானவை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீட்டுக்கும், புகையிலைக் கிடங்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சாலை அகலமானால், பாகப்பிரிவினை வந்தால், ஒரு வாரத்தில் தரைமட்டமாகிவிடும். அத்தகைய வீட்டை ஒரு மாணவர் குழு இரண்டு நாள் நாடா பிடித்து அளந்து வரைந்திருந்தால், அந்தத் தாள்தான் அதன் ஒரே சாட்சி. மாணவருக்கு அது மதிப்பெண்ணுக்கான பயிற்சி மட்டுமே.

ஆனால் அந்தத் தாள்களின் கதி பெரும்பாலும் நல்லதாக இல்லை. மாதிரிகள் இடத்தை அடைக்கும், தூசு பிடிக்கும், ஆண்டு முடிந்ததும் குப்பைக்குப் போகும். தாள்கள் மாணவருடன் விடுதியை விட்டுப் போய்ப் பரண் ஏறும். இப்போது வரைதல் கணினிக்கு மாறிவிட்டதால் பல கோப்புகள் பழுதான வன்தட்டுடன் போய்விடுகின்றன. வார்டு எழுதிய குறிப்பு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கிடைக்கிறது, வரி வாங்கும் அரசுக்கு அது தேவைப்பட்டதால். வீட்டை அளந்த தாளைப் பாதுகாக்க அப்படி ஒரு கட்டாயம் யாருக்கும் இல்லை. ஊர் நூலகங்களில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். தாளின் வலது கீழ் மூலையில் ஊர், தெரு, அளவுகோல், வடக்குத் திசை, அளந்த தேதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மாணவருக்குச் சொல்லித்தரப்படும் இந்த ஐந்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது தேதிதான்.