திராட்சைக்கு ஒரு நீதி, பனைக்கு ஒரு நீதி

‘ஒங்க ஊர்ல என்ன குடிப்பாங்க?’ தென்பிரான்சின் மோன்பெலியே நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் திராட்சை பறிக்கும் கூலிவேலைக்குப் போன இடத்தில் ஒரு கிழவர் கேட்டார். மூன்று தலைமுறையாக அதே மண்ணில் ஒயின் செய்பவர். நான் கடலூர்க்காரன்; நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா பனையேறி. ஆனாலும் ‘கள்’ என்று சொல்ல நாக்கு கூசியது. ‘அரசாங்கம் விக்கிறதக் குடிப்பாங்க’ என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஊர்க் குடியைப் பற்றி அவருக்குப் பெருமிதமும் எனக்குக் கூச்சமும் எங்கிருந்து வந்தன? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

ஒயினின் கௌரவம் திராட்சையோடு கூடப் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1868இல் அதைக் கண்டுபிடித்தவர்களுள் மோன்பெலியேவைச் சேர்ந்த பிளான்ஷோன் முக்கியமானவர். தோட்டங்கள் மறுபடி துளிர்த்தபோது சந்தையில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்த போலி ஒயின் நிறைந்திருந்தது. வடக்கே பீட்கிழங்குச் சர்க்கரை முதலாளிகளுக்கு அதில் கொள்ளை லாபம். தெற்கே விலை விழுந்தது. 1907 ஜூனில் மோன்பெலியே வீதிகளில் ஐந்து லட்சம் பேருக்குமேல் திரண்டதாகக் கணக்கு. நார்போன் நகரில் ராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்ட 17ஆம் காலாட்படைப் பிரிவு கலகம் செய்து பெஸியே நகருக்கு நடந்தது. அம்மாதக் கடைசியிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1935இல், எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணின் பெயரையே சட்டப்பாதுகாப்புள்ள உடைமையாக்கும் ஏற்பாடும் வந்தது. தோட்ட முதலாளியையும் கூலியையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்திய போராட்டம்தான் அது. அதன் பலன் இருவருக்கும் சமமாய்ப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் சர்க்கரை ஆலைக்கும் ஊர்க் குடிக்கும் நடந்த சண்டையில் அரசு கடைசியில் ஊர்ப்பக்கம் சாய்ந்தது.

இதைப் படித்தபோது எங்கள் ஊர் ஆலைச் சங்கு காதில் கேட்டது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை 1842இல் தொடங்கியது. சர்க்கரையோடு சாராயமும் வடித்த ஆலை அது. ஈ.ஐ.டி. பாரி என்கிற பெயரின் முதல் மூன்று எழுத்துக்களுக்குள் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’ ஒளிந்திருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? கள் காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். பீப்பாயில் அடைத்துத் தூரதேசம் அனுப்ப முடியாது. மரம் மரமாக எண்ணி வரி போட வேண்டும். ஆலைச் சாராயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு வாசலில் ஒரு பூட்டுப் போட்டால் போதும். 1886ஆம் ஆண்டு மெட்ராஸ் அப்காரிச் சட்டத்தின் காலத்தில் ஊர் வடிப்புகள் ஒழிந்து மைய ஆலைமுறை பரவியதன் தர்க்கம் இதுவே. இங்கே அரசு ஆலைப்பக்கம் நின்றது.

பின்னால் தேசியம் வந்தது, ஒழுக்கம் வந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974க்குள் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்து, 1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அப்போது எனக்குப் பத்து வயது. போலீஸ்காரர்கள் தாத்தாவின் கலயத்தை மோந்து பார்ப்பார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், அவர் தொழிலாளி. சுண்ணாம்பு இல்லையென்றால் கள், அவர் குற்றவாளி. பனை அதேதான், அரிவாளும் அதேதான். கலயம் உடைந்தால் தாத்தா ஒன்றும் பேசமாட்டார், சில்லுகளைப் பொறுக்கி ஓரமாய்ப் போடுவார். பின்னர் 2003இல் அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை வியாபாரத்தில் இறங்கியது. நாலைந்து சதவீதக் கள்ளுக்குத் தடை, 42.8 சதவீதச் சீமைச் சரக்குக்கு அரசுக் கடை. இதில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது?

கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை. அதற்கப்பால் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் வகுத்த எல்லைக்கு அந்தப் பக்கப் பனையில் இறங்கினால் கள், ஏலமெடுத்த கடையில் பகிரங்கமாய் விற்கலாம். இந்தப் பக்கம் வழக்கு.

இதையெல்லாம் ஊருக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மென்றபடி, ‘கள்ளா இருந்தா என்னடா, சாராயமா இருந்தா என்ன? அடி வாங்குனது நான்தானே’ என்றாள். பனையைப் புனிதமாக்கி நான் கட்டிய கதையாடல் அந்த ஒரு வாக்கியத்தில் சரிந்தது. குடியின் அரசியலைப் பேசும் ஆண்கள் யாரும் ஆயாவைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் தடை அவளைக் காப்பாற்றவில்லை என்பதும் அவள் வாழ்க்கையே சொல்வதுதான். கலயம் உடைந்த பிறகும் அடி நிற்கவில்லை, கூலி மட்டும் நின்றது. 2024 ஜூனில், பழைய தென்னார்க்காட்டின் ஒரு பகுதியான கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

போலிக் குடிக்கு எதிராக ஒரு ஜனத்திரள் எழுந்தபோது அங்கே அவர்களைக் குடிமக்கள் என்றார்கள். அந்தச் சொல் நம்மிடமும் இருக்கிறது. டாஸ்மாக் வரிசையில் நிற்பவர்களைக் கேலி செய்யத்தான் அதை வைத்திருக்கிறோம். கள்ளை அனுமதிப்பதா தடுப்பதா என்று தீர்மானிக்கும் இடத்தில் பனையேறியும் ஆயாவும் உட்காரும்வரை, அந்தக் கிழவருக்கு என்னிடம் பதிலில்லை.