சர்க்கரை சொன்ன சாட்சி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானுக்கு மூன்று மாதமாக மாலைக் காய்ச்சல், ஆள் பாதியாகியிருந்தார். சளியைச் சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. அன்று காலையில்தான் பெட் ஸ்கேன் படம் வந்திருந்தது. சாம்பல் நிறத்தில் மனித உருவம்; மார்பின் நடுவே நான்கைந்து இடங்களில் தீக்கங்கு போல ஒளி. கீழே எழுதியிருந்த இரண்டு வரிகளின் சாரம்: புற்றாக இருக்கலாம்.

அக்காள் படத்தின் பக்கமே திரும்பவில்லை. "ஏன் தம்பி, இந்த மெஷின் பொய் சொல்லுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஒளிர்ந்த நெறிக்கட்டி ஒன்றில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், நோய் காசம்! என் பாட்டி காலத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். அதே சொல்லைக் கேட்டு அன்று அக்காள் பாயசம் வைத்தாள் என்றால், காலம் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள். ஆனால் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பழங்கதைக்குள் புகுந்தேன்.

நெஞ்சுக்குள் நடப்பதை முதலில் காதால்தான் அறிய முயன்றார்கள். 1816-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் லேனெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இன்று டாக்டர்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப், ஒரு மனிதரின் கூச்சத்திலிருந்து பிறந்ததுதான். எத்தனையோ க்ஷயரோகிகளின் நெஞ்சைக் கேட்ட அவரை 1826-இல் அதே நோய் கொண்டுபோயிற்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். 1895-இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இனி ஒளிவு மறைவு இல்லை என்று உலகம் நினைத்தது.

எக்ஸ்ரே காட்டுவது நிழலை. ஆறிய புண்ணின் தழும்புக்கும் நிழல் உண்டு. ஆறாத புண்ணுக்கும் நிழல் உண்டு. உள்ளே நெருப்பு இருக்கிறதா, வெறும் சாம்பல்தானா? அதை ஒரே படத்தை வைத்துச் சொல்வது பல வேளைகளில் இயலாத காரியம்.

அதற்கு வழி காட்டியது அணு விஞ்ஞானம். 1969-இல், அணுகுண்டுக்காக எழுந்த அமெரிக்க ஊரான ஓக் ரிட்ஜில், எட்வர்ட்ஸ், ஹேய்ஸ் என்ற இருவர், கதிர் வீசும் காலியம் என்ற உலோகத்தை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார்கள். எலும்பைப் படம் பிடிப்பதே அவர்கள் நோக்கம். எலும்புக்குப் பதிலாகப் புற்றுக் கட்டிகள் தெரிந்தன! இரத்தத்தில் இரும்பைப் போல வேஷம் போட்டு உலவும் இந்தக் காலியம், சீழ் கட்டிய இடத்திலும் காசப் புண்ணிலும்கூடப் போய்த் தங்கும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் படம் தெளிய இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

சர்க்கரையின் கதை இதைவிடச் சுவையானது. புற்று அணுக்கள் சர்க்கரையை அளவு மீறித் தின்கின்றன என்று ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே சொல்லியிருந்தார். ஐம்பது ஆண்டுக்குப் பின், நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தட்சுவோ இடோ என்ற ஜப்பானியரும் அவருடைய தோழர்களும், சர்க்கரையோடு கதிர் வீசும் ஃப்ளோரினைப் பிணைத்தார்கள். உயிரணு இதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் படி ஜீரணமும் நடக்கும். அதற்கு மேல் நகராமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்திலிருந்து வரும் கதிர்களைக் கருவி படமாக்கும். இந்தக் கதிரின் வீரியம் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். ஆகவே 1976 ஆகஸ்டில், முதன்முதலாக மனித உடம்பில் செலுத்தவேண்டிய மருந்தை விமானத்தில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குப் பறந்தார்கள். வழியில் தாமதமானால் சரக்கு குப்பிக்குள்ளேயே கரைந்துபோகும்!

முதலில் மூளையைப் பார்க்கவும், பிறகு முக்கியமாகப் புற்றைத் தேடவுமே இதைப் பயன்படுத்தினார்கள். காசம் அழையாத விருந்தாளியாக நுழைந்தது. கிருமி புகுந்த இடத்தை நம் உடம்பின் வெள்ளணுக்கள் கோட்டை முற்றுகை போலச் சூழ்ந்துகொள்கின்றன. போரிடும் படைக்குப் பசி அதிகம் அல்லவா? அவையும் சர்க்கரையை வாரித் தின்கின்றன. ஆக, அத்தானின் மார்பில் நாங்கள் கண்ட ஒளியில் பெரும்பங்கு கிருமியுடையதே அல்ல; கிருமியை எதிர்த்துப் பாளையம் இறங்கிய அவருடைய சொந்தப் படையின் சமையல் அடுப்பு! அடுப்பு எரிகிறது என்று படம் சொல்லும். என்ன வேகிறது என்று சொல்லாது. எங்கே ஊசி போட வேண்டும் என்று காட்டியதும் அந்தப் படம்தான். சளியில் சாட்சி கிடைக்காத நெறிக்கட்டி, முதுகெலும்புக் காசங்களில் இது சின்ன உதவியல்ல. செலவுதான் பெரிது. காசநோய்க்கு மருந்து நம் நாட்டில் அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. இந்தப் படத்துக்கோ அக்காள் வளையலை அடகு வைத்தாள்.

2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி என்னைத் திகைக்க வைத்தது. தென்னாப்பிரிக்காவில் காசநோயாளிகள் 99 பேரைச் சிகிச்சையின்போதும் பின்னும் இப்படிப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாத மருந்து முடிந்து, சளியில் கிருமி வளராமல், குணமானவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்களிலும் பலருடைய நுரையீரலில் ஒளி அணையவில்லை. சிலருக்குப் புதிய இடங்களிலும் தோன்றியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகும் சுகமாகவே இருந்தார்கள். ஒளியெல்லாம் நோய் அல்ல. குணமென்பது கிருமி அடியோடு அழிந்ததுதான் என்றும் சொல்வதற்கில்லை. மீதியைப் பாளையத்தில் இருக்கும் படையே காவல் காக்கிறது போலும்.

அத்தானுக்கு மருந்து முடிந்த அன்று நானும் உடன் போயிருந்தேன். "இன்னொரு தடவை அந்தப் படம் எடுத்துப் பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று அக்காள் கேட்டாள். அவளுக்குப் பழைய பயம்.

டாக்டர் அத்தானைத் தராசில் ஏறச் சொன்னார். ஏழு கிலோ கூடியிருந்தது.

"காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது. இப்போது படம் வேண்டாம், அம்மா. மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

அக்காளுக்கு அரை மனம். திரும்பும் வழியில் அடகுக் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.