ஓடும் நீரை அளந்த வரலாறு

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் களுதாவளை. வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற இவ்வூரிலே பயிரை வளர்ப்பது கிணற்று நீர். குடத்தால் மொண்டு ஊற்றுவோன், ஊற்றிய குடங்களை எண்ணிக்கொள்ளலாம். வாவிக்கு அப்பால், படுவான்கரை வயல்களின் நிலை வேறு. அங்கே குளத்து நீர் வாய்க்கால் வழியே ஓடி வருகின்றது. ஓடும் நீரைக் குடங்கொண்டு அளப்பது எங்ஙனம்? மேல்வயல் பெற்றது எவ்வளவு, கடைவயல் பெற்றது எவ்வளவு என்று வழக்கு எழுமிடத்தில் அளவே நீதியாகின்றது.

இவ்வழக்குப் புதியதன்று. கி.பி. 97இல் உரோமாபுரியின் நீர் வழங்கலுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் புரொந்தீனசு. அக்காலத்தில் குழாய் வாயின் பரப்பே நீரின் அளவாகக் கொள்ளப்பட்டது. பெரிய குழாயைக் களவாகப் பொருத்தி மிகுதியாக நீர் பெற்றோரை அவர் கண்டறிந்தார். உயரத்திலிருந்து விரைந்து வரும் நீர், அதே வாயினூடு மிகுதியாகப் பாயும் என்பதையும் உணர்ந்தார். ஆயினும் அவ்விரைவை அளக்கும் வழி அவரிடம் இருக்கவில்லை.

ஈழத்துப் பழங்குளங்களை அமைத்தோரும் நீரின் அமுக்கத்தை நன்கறிந்தவர்கள். அணைக்கட்டினுள் கிணறுபோல் அவர்கள் கட்டிய சதுர அமைப்பு ‘பிசோகொட்டுவ’ எனப்படும். ஆழமான குளத்து நீர் சீறிப்பாய்ந்து அணையைச் சிதைக்காவண்ணம் வெளியேற்றத்தை அடக்கியாள இது உதவியது. இக்காலத்து நீர்த்தேக்கங்களின் அடைப்புக் கோபுரத்துக்கு இது முன்னோடி என்று, 1909இல் வெளிவந்த தம் நூலிலே பொறியியலாளர் ஹென்றி பாக்கர் எடுத்துக்காட்டினார். எனினும் இது நீரை ஆளும் கருவியேயன்றி அளக்கும் கருவியன்று.

அளக்கும் வழிக்கு வித்திட்டவர் தானியல் பேணூலி. ஓடும் நீரின் வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அவர் 1738இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். குழாய் ஒடுங்குமிடத்தில், அதே அளவு நீர் சிறிய வழியாற் செல்லவேண்டியிருப்பதால் வேகம் கூடுகின்றது. வேகம் கூடவே அமுக்கம் குறைகின்றது. இத்தாலிய அறிஞர் வெந்தூரி, ஒடுங்கி விரியும் குழாய்களில் நீர் பாயும் முறையைச் சோதித்து 1797இல் வெளியிட்டார்.

அறிவு பிறந்து தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின்னரே கருவி பிறந்தது. அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஆற்று நீரின் விசையை ஆலைகளுக்கு விற்ற நிறுவனமொன்றிலே கிளெமென்ஸ் ஹெர்ஷல் பொறியியலாளராயிருந்தார். எந்த ஆலை எவ்வளவு நீரைப் பயன்படுத்தியது என்பதைப் பிணக்கின்றித் தீர்க்கவேண்டிய பொறுப்பு அவருடையது. 1887இல் அவர் அமைத்த கருவி, நடுவே ஒடுங்கிப் பின் மெல்ல விரியும் குழாயே. அகன்ற இடத்திலும் ஒடுங்கிய இடத்திலும் அமுக்கத்தை அளந்து, இரண்டின் வேறுபாட்டைக் கொண்டு நீரோட்டத்தைக் கணித்தார். ஓட்டம் இருமடங்காயின் வேறுபாடு நான்கு மடங்காகும். சுழலும் உறுப்பு எதுவும் குழாயினுள் இல்லாமையால் தேய்ந்து பிழைபடும் அச்சம் குறைவு. முன்னோடியை மறவாத ஹெர்ஷல், அதற்கு ‘வெந்தூரி மானி’ என்றே பெயரிட்டார். புரொந்தீனசின் நூலை 1899இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே.

பின்னர் நடுவே துளையிட்ட தகட்டைக் குழாய்க்குக் குறுக்கே பொருத்தி, அதே வேறுபாட்டை அளக்கும் முறையும் பரவிற்று. அதற்குச் செலவு குறைவு. ஆனால் அமுக்க இழப்பு மிகுதி.

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் தூய்மையாக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குக் குழாய்வழியே வருகின்றது. மண்ணுள் மறைந்த குழாயில் ஓடும் நீரைக் கண் காணாது, கசிந்தொழிவதையும் காணாது. புறப்பட்ட நீரையும் வந்து சேர்ந்த நீரையும் அளந்தாலன்றி இழப்பும் களவும் வெளிப்படா. நீரைப் பகிர்ந்துண்ணும் ஊர்களுக்கு அளவுகோல் ஒரு காவலாளி. கடைமடையில் வாழ்வோனுக்கோ அதுவே சாட்சி.