மகாராணியின் விருதும் தங்கவயலின் மின்சாரமும்

கோலார் தங்கவயல் என்றதும் நம் அங்கத்தினர்களுக்குச் சாம்பியன் ரீஃபும் ராபர்ட்சன்பேட்டையும் ஞாபகம் வரும். அங்கே காவேரி மின்சாரம் வந்தது ஒரு பெண்மணியின் ஆட்சிக் காலத்தில் என்பதைப் பலர் அறியார். அவர்தான் மைசூர் மகாராணி வாணி விலாஸ சந்நிதானம் கெம்பநஞ்சம்மணி.

அவர் பெயருக்குப் பின்னால் ஸி.ஐ. என்ற எழுத்துகளைக் காணலாம். ‘இந்திய மகுட விருது’ என்ற அந்தக் கௌரவத்தை விக்டோரியா மகாராணி 1878-ல் ஏற்படுத்தினார். பெண்களுக்கு மட்டுமே உரியது. பிரிட்டிஷ் இளவரசிகள், நம் சமஸ்தான ராஜாக்களின் மனைவியர், உறவுப் பெண்கள், வைஸ்ராய், கவர்னர் வீட்டுப் பெண்மணிகள் ஆகியோர் பெற்றனர். வைரமும் முத்தும் இழைத்த பதக்கம், வெளிர்நீல ரிப்பன். பட்டம் ஏதும் கிடையாது.

ஆக, இன்னாருக்கு மனைவி, இன்னாருக்கு மகள் என்பதே முக்கியத் தகுதி. போபாலைத் தாமே ஆண்ட சிகந்தர் பேகத்துக்கோ 1861-ல் ராஜாக்களுக்குரிய ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ விருதே கிடைத்தது.

நம் மகாராணியின் நிலை இரண்டுக்கும் நடுவில். 1894 டிசம்பரில் கணவர் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் காலமானார். மகன் கிருஷ்ணராஜருக்கு வயது பத்து. மகாராணி ரீஜண்ட் ஆனார். திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

சுரங்க நீராவி இயந்திரங்களுக்கு எரிபொருள் செலவு தாளவில்லை. சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் கொண்டுபோவது என்று தீர்மானமாயிற்று. விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரியும், அன்று உலகிலேயே அத்தனை நீளமான மின்பாதை அபூர்வம். 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அதைக் காணாமலே 1901-ல் சேஷாத்ரி ஐயர் மறைந்துவிட்டார். ஆகஸ்ட் 8-ல் மகாராணி ஆட்சிப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார்.

சர்க்கார் கோப்புகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: யோசனை சொல்பவர் ஒருவர், அதற்குப் பொறுப்பேற்பவர் இன்னொருவர். திவானையும் இன்ஜினீயர்களையும் புகழ்கிறோம், நியாயமே. பொறுப்பேற்ற மகாராணியை மறப்பது நியாயமல்ல.

ஸி.ஐ. விருது 1947-க்குப் பின் யாருக்கும் வழங்கப்படவில்லை. அதைப் பெற்றவர்களில் கடைசியாக வாழ்ந்த எலிசபெத் ராணியும் 2022-ல் காலமானார். தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஹிரியூர் அருகே, அவர் ஆட்சியில் கட்டத் தொடங்கிய வாணி விலாஸ சாகரம் அணையோ இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. அந்தப் பக்கம் போகும் அங்கத்தினர்கள் பேரக் குழந்தைகளுக்கு இந்த மகாராணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.