மார்கார் ஏன் எப்பவும் தோற்றான்?

போன மாதம் கும்பகோணம் வீட்டைப் பூட்டி வாடகைக்கு விடுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். அண்டா, பழைய பஞ்சாங்கக் கட்டு, ஓடாத டேபிள் ஃபேன் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பெட்டி இருந்தது. மூடியில் சட்டை போடாத காட்டு வீரன் ஒருத்தன், சுற்றிலும் அரக்கர்கள். லெஸ் எட்வர்ட்ஸ் வரைந்த ஓவியம். ஓவியர் பெயரெல்லாம் இப்போது தேடித் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது "அந்த வாள் பெட்டி", அவ்வளவுதான். ஹீரோக்வெஸ்ட். 1991 கோடை விடுமுறைக்கு லண்டன் சித்தப்பா கொண்டுவந்தது.

விளையாட இருந்தது ஐந்து பேர். நான்கு பேர் வீரர்கள்: காட்டு வீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி. ஐந்தாவது ஆள் மார்கார், அதாவது வில்லன். எங்களில் பெரியவனும் இங்கிலீஷ் சரளமாகப் படிக்கத் தெரிந்தவனும் பெரியப்பா பையன் அண்ணன்தான். அதனால் இரண்டு கோடை விடுமுறையும் அவனே மார்கார். எப்பவும் தோற்பான். அவனுக்கு விளையாடத் தெரியலைன்னு நாங்கள் வெளிப்படையாகவே கிண்டல் செய்திருக்கிறோம்.

பெட்டியை பெங்களூருக்கு எடுத்துவந்து, என் மகளோடும் அவள் தோழிகளோடும் விளையாடிப் பார்த்தேன். இந்த முறை நான்தான் மார்கார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதற்கு முன்னால் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில்தான் கதை தொடங்குகிறது. அதில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். நிலவறையைக் கற்பனை செய்து, வரைபடம் போட்டு, அரக்கர்களை நிரப்பி, மற்றவர்களை உள்ளே அழைத்துப் போவது அவர் வேலை. விளையாடுகிற மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அவருக்கோ வாரம் முழுக்க ஹோம்வொர்க். இதை ஐரோப்பாவில் முதலில் இறக்குமதி செய்து விற்றவர்கள், 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற சின்ன நிறுவனம். 1979இல் சிட்டடெல் மினியேச்சர்ஸ், 1983இல் வார்ஹாமர் என்று அவர்கள் உலகம் வளர்ந்தது. ஆனால் அது ஒரு தனி உலகம். ஈயக் கலவையில் வார்த்த குட்டிப் பொம்மைகளை ஒவ்வொன்றாக வாங்கி, நீங்களே பெயின்ட் அடித்து, தடிதடியான விதிப் புத்தகங்களைப் படித்து விளையாட வேண்டும். பத்து வயசுப் பையன் தனியாக நுழைய முடியாத கடை.

அங்கே வேலை பார்த்துவிட்டு மில்டன் பிராட்லியின் பிரிட்டிஷ் கிளைக்குப் போனவர் ஸ்டீபன் பேக்கர். ஹீரோக்வெஸ்ட்டை வடிவமைத்தவர் அவர்தான். பொம்மைகளைச் செய்துகொடுக்கப் பழைய நிறுவனத்தையே கூட்டுச் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் லாபக் கணக்கு சரியாக இருந்தது. பிளாஸ்டிக் பொம்மைக்கு இரும்பு அச்சு வெட்டுவதுதான் செலவு. வெட்டிய பிறகு ஒவ்வொரு பொம்மையும் சல்லிக்காசு. ஆனால் அந்த அச்சுச் செலவை ஈடுகட்ட லட்சக்கணக்கில் விற்க வேண்டும். அப்படி விற்கும் கடைகள் மில்டன் பிராட்லி கையில் இருந்தன. 1989இல் பிரிட்டனில் வந்த பெட்டியில் 35 பொம்மைகள்: சிவப்பு பிளாஸ்டிக்கில் நான்கு வீரர்கள், 31 அரக்கர்கள். கூடவே சிம்மாசனம், புத்தக அலமாரி, கல்லறை, கணப்பு அடுப்பு என்று குட்டிக் குட்டிச் சாமான்கள். விளையாடாத நாளிலும் நாங்கள் அந்தச் சாமான்களை வைத்து வீடு கட்டியிருக்கிறோம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் பொம்மைகள் இல்லை, பலகைதான். 26க்கு 19 கட்டங்கள். அறைகளும் நடைபாதைகளும் அதில் நிரந்தரமாக அச்சடித்தவை, மாறாது. கதவு, சாமான், அரக்கன், அடைபட்ட வழி எதுவும் முதலில் பலகையில் கிடையாது. வீரன் கதவைத் திறந்தால்தான் மார்கார் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். எங்கே எதை வைப்பதுன்னு சாகசப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரைபடம். அதை ஒரு தட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவன் மட்டும் பார்ப்பான். ஒரே பலகை, 14 வேறு வேறு நிலவறைகள். என் தொழிலில் சொன்னால் பலகை இன்ஜின், புத்தகம் டேட்டா. டன்ஜன் மாஸ்டர் வாரம் முழுக்கச் செய்த வேலையை பேக்கர் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டார். ஒன்பதாவது படிக்கும் பையன், வரைபடத்தைப் பார்த்து வைக்கத் தெரிந்தால் போதும், கதை நடத்தலாம்.

விதிகள் ரொம்ப மெலிசு. சண்டைப் பகடையின் ஆறு முகங்களில் மூன்றில் மண்டையோடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். அடிப்பவனுக்கு மண்டையோடு வேண்டும். தடுக்கும்போது வீரனுக்கு வெள்ளை, அரக்கனுக்குக் கறுப்பு. இந்த ஒரு பகடையிலேயே ஓரவஞ்சனை இருப்பதைச் சின்ன வயசில் நாங்கள் கவனிக்கவே இல்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். காட்டு வீரனுக்கு அடிக்க 3 பகடை, தடுக்க 2. ஓர்க் என்ற அரக்கனுக்கும் அதே 3, அதே 2. காகிதத்தில் சரிசமம். ஆனால் வீரன் அடித்தால் ஓர்க்குக்குக் காயம் படும் வாய்ப்பு 75 சதவீதம். ஓர்க் அடித்தால் வீரனுக்குக் காயம் படும் வாய்ப்பு 62.5 சதவீதம். அதிலும் பிரிட்டிஷ் பதிப்பில் எந்த அரக்கனுக்கும் ஒரே ஒரு உயிர்ப்புள்ளிதான், ஒரு காயம் பட்டால் ஆள் அவுட். காட்டு வீரனுக்கு 8. அடுத்த வருஷம் அமெரிக்கப் பதிப்பில் இதைக் கொஞ்சம் சரி செய்தார்கள்: மம்மிக்கு 2, கேயாஸ் வீரனுக்கும் கார்காயிலுக்கும் 3. அங்கே வில்லன் பெயரையும் ஸார்கான்னு மாற்றிவிட்டார்கள்.

ஆக, மார்கார் தோற்பது பகடையிலேயே எழுதியிருக்கிறது, அண்ணன் மேல் தப்பில்லை. இப்படித்தான் முதல் இரண்டு ஞாயிறும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு வந்தது ஓர்க் தலைவனின் மகன் பழிவாங்கும் சாகசம். வீரர்கள் தூக்கத்தில் பிடிபட்டு, ஆயுதம் எதுவும் இல்லாமல் சிறை அறையில் கண் விழிப்பார்கள். வெறுங்கைக்கு அடிக்க ஒரே பகடை. 75 சதவீதமாக இருந்த வாய்ப்பு இப்போது 35ஐக்கூடத் தொடாது. மகளின் எல்ஃபும் தோழியின் மந்திரவாதியும் அரை மணி நேரத்தில் காலி. தோழி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் குழப்பம். இதே சாகசத்தில் நாங்கள் நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திண்ணையில் குதித்ததற்கு தாத்தாவிடம் திட்டு வாங்கியது வரை.

ராத்திரி சாகசப் புத்தகத்தை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் சிறைக்குப் பக்கத்து அறைகளில் இருக்கும் சில அரக்கச் சின்னங்கள் மேல் மெல்லிய பென்சிலில் பெருக்கல் குறி. ரப்பர் வைத்து அழித்திருக்கிறான், ஆனால் தடம் போகவில்லை. மற்ற பக்கங்களைப் புரட்டினேன். முதல் சில சாகசங்களில் எதுவும் இல்லை. அப்புறம் அங்கங்கே. ஒரு பக்கத்தில் புதையல் பெட்டிக்குப் பக்கத்தில் "மருந்து" என்று தமிழில் எழுதியிருந்தது. அச்சில் அங்கே மருந்து கிடையாது.

தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணன் செய்துகொண்டிருந்தது இதுதான். பகடையை எல்லார் கண் முன்னால் போட வேண்டும், அதில் கை வைக்க முடியாது. புதையல் அட்டைக் கட்டிலும் முடியாது. அதில் மருந்து வந்தால் வீரன் வைத்துக்கொள்வான், அலையும் அரக்கன் வந்தால் அட்டை மறுபடி கட்டுக்குள் போகும். பேராசைப்பட்டுத் தேடத் தேட, கட்டு கெட்டதாகிக்கொண்டே வரும். மிச்சம் இருந்தது வரைபடம் ஒன்றுதான், அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பேக்கர் டேட்டாவைத் தனியாகப் பிரித்துக் கொடுத்ததை அண்ணன் சரியாகப் பயன்படுத்திக்கொண்டான்.

விளையாட்டின் பிற்காலக் கதை சுருக்கமாக. தொண்ணூறுகளின் நடுவில் கடைகளில் இருந்து மறைந்தது. வணிகப் பெயர் உரிமையும் கைமாறி, 2003இல் கிளோராந்தா உலகத்தை வைத்து வந்த வேறொரு விளையாட்டுக்கு அதே பெயர் போனது. 2020இல் ஹாஸ்ப்ரோ பெயரைத் திரும்ப வாங்கி, ஆவலான் ஹில் முத்திரையில் முன்பதிவு திரட்டியபோது இலக்கு 10 லட்சம் டாலர், சேர்ந்தது சுமார் 37 லட்சம். பெரும்பாலும் என் வயசுக்காரர்கள் பணம்னு நினைக்கிறேன். புதுப் பதிப்பில் ஒற்றைக்கண் ஃபிமிர் இல்லை; அது கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொத்து. கேயாஸ் வீரர்கள் பெயர் மாறி ட்ரெட் வீரர்கள் ஆகிவிட்டார்கள். பொம்மைகள் பழையதைவிட அழகு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கூடவே ஒரு மொபைல் ஆப் வருகிறது. அதுவே வில்லனாக விளையாடும், ஐந்தாவது ஆள் தேவையில்லை. நல்ல வசதி, குறை சொல்லவில்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அரக்கன் யாரை அடிப்பது என்று முடிவு செய்ய நாலு வரி லாஜிக் போதும். சோபாவில் யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குள் வராது.

அண்ணனுக்கு போன் போட்டேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். பென்சில் குறிகளைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதெல்லாம் ஞாபகம் இல்லடா. உன் குள்ளன் ஒரு தடவை செத்துப்போனான், நீ ராத்திரி சாப்பிட மாட்டேன்னுட்டே. பாட்டி என்னைத்தான் திட்டினாங்க. அதுக்கப்புறம் இருக்கும்" என்றான்.

குள்ளன் செத்தது எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த ஞாயிறு தன்தான் மார்காராம், மகள் சொல்லிவிட்டாள். பென்சில் கேட்டாள். எதுக்குன்னு நான் கேட்கவில்லை.